சனிக்கிழமைக் கதிரை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: செத்தவரின் மனைவி தவமலர், ஹரோவிலிருந்து வந்த மகள் யசோ, யசோவின் புருசன் ரமணன், ஊரின் ஒரே பெற்றோல் நிலையத்தை நடத்துகிற குகன், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி டோரீன், செத்தவரோடு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று வேலை செய்த நான். ஆறு பேர். யன்னலோரக் கதிரையில் இருந்த வேலும்மயிலும் அவர்களைச் சேர்த்தால் ஏழு. அவரைச் சேர்க்காமல் விட முடியாது, ஏனென்றால் அந்த நாளே அவருடையது. அவர் செத்து எட்டாம் நாள்.

எல்டன்பரி சிறிய ஊர். ஒரு ஆறு, ஒரு பாலம், புதன்கிழமைச் சந்தை கூடுகிற ஒரு சதுக்கம், இரண்டு தேவாலயங்கள், நாலு பப். அந்த ஊரில் வேலும்மயிலும் ஒரு சனிக்கிழமை விடியப்புறம், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கும் தொல்லை கொடுக்காமல் செத்துப்போனார். சனிப்பிணம் தனிப்போகாது என்பது எங்களுடைய ஆட்களின் பயம். சனியில் செத்தவர் துணை தேடுவார், வீட்டிலிருந்து இன்னொருவரைக் கையோடு கூட்டிப்போவார், ஆகையால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டித் துணைக்கு அனுப்புவார்கள். எல்டன்பரியில் கோழிக்குஞ்சுக்கு எங்கே போவது, கிடைத்தாலும் தகனசாலைக்காரர் உள்ளே விடுவார்களா என்று யோசித்து, ரமணன் சூப்பர்மார்க்கெட்டில் அரை டசின் முட்டை வாங்கி, ஒன்றை வெள்ளைத் துணியில் சுற்றி மாமனாரின் காலடியில் பெட்டிக்குள் வைத்தார். மிச்ச ஐந்தையும் டோரீனிடம் கொடுத்தோம், சாவுத் துடக்கு வீட்டில் முட்டை சமைப்பதில்லை.

ஐந்தாம் நாள் தகனம் முடிந்து வந்து, எல்லோரும் முழுகி, வீடு கழுவுவதற்காக ரமணன் யன்னலோரக் கதிரையைத் தூக்கினார். அது அசையவில்லை. குகனும் வந்து பிடித்தார், அசையவில்லை. பெற்றோல் நிலையத்தில் பார்சல் நிறுக்கிற தட்டைத் தராசைக் கொண்டுவந்து, கதிரையை ஒவ்வொரு காலாக நெம்பி அதன்மேல் ஏற்றிப் பார்த்தோம். எழுபத்தெட்டுக் கிலோ காட்டியது. கதிரை ஏழு கிலோ. மிச்சம் எழுபத்தொன்று. போன மாதம் கிளினிக்கில் தாதி நிறுத்தபோது வேலும்மயிலும் அவ்வளவுதான் இருந்தார்.

டோரீன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். "ஓ, ஆள் திரும்பி வந்துவிட்டார் போல," என்று சொல்லி, உள்ளே போய் ஒரு மெத்தைத் தலையணையை எடுத்துவந்து கதிரையின் முதுகுப் பக்கம் செருகிவிட்டாள். "அவருக்கு எப்போதும் இடுப்பு நோ."

"ரமணன் அண்ணை, நீங்கள் வைச்சது சூப்பர்மார்க்கெட் முட்டை," என்றார் குகன். "சேவலின்ரை முகமே காணாத முட்டை. அது எப்பிடி ஐயாவுக்குத் துணைக்குப் போகும்?"

"அப்ப நீர் ஒரு சேவலைக் கொண்டு வந்திருக்கலாமே?"

"என்னட்டைப் பெற்றோல்தான் இருக்கு."

சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் தவமலர் அதைக் கேட்டுவிட்டு வந்து கதிரையின் பக்கத்தில் நிலத்தில் இருந்தா. "துணைக்கு ஆள் வேணுமெண்டுதான் இருக்கிறியளோ?" என்று கதிரையைக் கேட்டா. "சரி, போறதெண்டால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ." அதற்குப் பிறகு அவ சோறு தின்னவில்லை. பால் விடாத தேத்தண்ணி மட்டும் குடித்தா. யசோ தாயின் மணிக்கட்டை அடிக்கடி பிடித்துப் பார்த்தா, வளையல் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் முழங்கைப் பக்கம் ஏறியது.

ஊர் இதை மரியாதையாக எடுத்துக்கொண்டது. தபால்காரர் யன்னல் வழியாகக் கதிரைக்குக் காலை வணக்கம் சொன்னார், தேவாலயத்துப் பாதிரியார் வந்து எதிரே இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து, தங்களுடைய மூன்றாவது வரிசை வாங்கிலும் இப்படி ஒரு அம்மா நெடுங்காலம் இருந்தா, நல்ல குரல், என்று சொல்லிவிட்டுப் போனார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு நாள் வேலியில் தொங்கிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டார்கள், நகரசபை ஆள் வந்து, வீட்டுக்குள் இருக்கும்வரை அது தளபாடம், தெருவுக்கு வந்தால் நடைபாதையை மறிக்கக்கூடாது, வேறொன்றும் எங்களுக்கு இல்லை, என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஊரில் ஒருவரின் சொந்த விசயத்தில் தலையிட மாட்டார்கள். அது அவர்களுடைய நல்ல குணம், அதில் எவ்வளவு துக்கம் இருக்கிறது என்று எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

அந்தக் கதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலும்மயிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் ஆறு மணிக்கு முகம் வழித்து, மண்ணிறக் கோட்டைப் போட்டு, "தவறணை வரைக்கும் போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டுப் புறப்படுவார். பப் என்ற சொல் அவருக்கு வாயில் வராது. எட்டு மணிக்குத் திரும்பி வருவார். தவமலர் குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்து, தாயின் தலைமயிர் அந்தத் தகப்பனின் கையில் கொத்தாக வந்ததைப் பார்த்து வளர்ந்தவ. சனிக்கிழமைகளில் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளுவா. அவர் தனியே சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்து, யன்னலோரக் கதிரையில் நித்திரை கொள்ளுவார். ஞாயிறு விடியக் கதவு திறக்கும், தேத்தண்ணி வரும், இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டார்கள். இருபத்திரண்டு வருசம் இப்படி நடந்தது. யசோ சிறு பிள்ளையில் அதற்கு வைத்த பெயர் சனிக்கிழமைக் கதிரை.

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். புட்டு, மீன் குழம்பு, முருங்கையிலை வறை, அவர் விட்டுவிட்ட சுருட்டில் ஒன்று, எல்லாம் வாழையிலைக்குப் பதிலாக வெள்ளிக் கடதாசியில் வைத்தோம். தவமலர் குகனைக் கூப்பிட்டா. "தம்பி, அவர் குடிச்சதையும் வாங்கிக்கொண்டு வாரும். கடைசி நாளிலையாவது எனக்கு ஒளிக்க வேண்டாம்."

"என்னது குடிக்கிறவர், அன்ரி?"

தவமலருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எனக்குக் குடிப்பழக்கம் இல்லாதபடியால் அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். குகன் கடையிலிருந்து ஒரு தகரப்பேணி பியர் கொண்டுவந்து கிளாசில் ஊற்றி வைத்தார். ஊற்றின உடனே கதிரை முனகியது. அதன் நாலு காலும் கம்பளத்துக்குள் ஒரு விரல் ஆழம் இறங்கின.

"ஐயாவுக்கு இது பிடிக்கேல்லை," என்றார் குகன்.

"பின்னே?" என்றாள் டோரீன். "தகரப்பேணி பியரை ஒரு மனிதனுக்கு யார் கொடுப்பார்கள்? அவர் வழக்கமாகப் போகிற இடத்துக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கு ஊற்றுகிற அளவு தெரிந்த ஒருவர் ஊற்ற வேண்டும்."

எந்த இடம் என்று யாருக்கும் தெரியாதபடியால் நாலு இடத்துக்கும் போவது என்று முடிவானது. ரமணனும் குகனும் முன்காலைப் பிடித்தார்கள், டோரீனும் நானும் பின்காலைப் பிடித்தோம், யசோ தாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தா. சாவீட்டுக் காரியத்தில் எங்களுடைய பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள், ஆனால் தவமலர் நிற்கவில்லை. "எங்கை போனவர் எண்டு நான் பாக்கோணும்," என்றா.

நடைபாதையை மறிக்காமல் தெருவோரமாகப் போனோம். பேருந்து ஒன்று எங்களுக்காக நின்றது. ஊர் ஆட்கள் வாசல்களுக்கு வந்து, கதிரைக்குத் தொப்பியைக் கழற்றி, எங்களுக்கு யோசனை சொன்னார்கள், ஏனென்றால் அந்த ஊரில் ஒருவருக்கு நல்ல பப் எது என்பது வைத்தியர் எது, பாதிரியார் எது என்பதிலும் பெரிய விசயம். டிவி இருக்கிற இடம் வேண்டாம் என்றார் ஒருவர், நெருப்படுப்பு இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர், நாய் படுத்திருக்கிற இடம் பிழைபோகாது, கக்கூசுக்குப் போகப் படி ஏற வேண்டிய இடம் வயதுபோனவருக்குச் சரிவராது, ஊற்றுகிறவர் அதிகம் பேசவும் கூடாது, பேசாமல் இருக்கவும் கூடாது, என்று சதுக்கம் வரைக்கும் ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு புத்தி கிடைத்தது.

முதலில் வெள்ளைமான் என்ற பப். தவமலர் வெளியே, சாப்பாடு, குடிவகை விவரம் எழுதின பலகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டா. பப்புக்குள் கால் வைப்பதில்லை என்பது அவவின் ஆயுள்கால நோன்பு. நாங்கள் கதிரையைக் கதவடிக்குக் கொண்டுபோனோம். உள்ளே பெரிய டிவியில் பந்து ஓடியது, ஐம்பது பேர் ஒன்றாகக் கத்தினார்கள். கதிரை வாசற்படியில் பாரமாகி எங்கள் கையை நிலத்துக்கு இழுத்தது. "மாமாக்கு இது இல்லை," என்றார் ரமணன், மூச்சு வாங்கிக்கொண்டு.

இரண்டாவது ராசாவின் தலை. அங்கே மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். வாசலில் நின்ற பெண் பிள்ளை, பதிவு செய்திருக்கிறீர்களா, எத்தனை பேர், என்று கேட்டாள். ஏழு என்றேன். அவள் எண்ணிப் பார்த்து, தலையாட்டி, ஒன்பது மணிக்குத்தான் இடம் வரும் என்றாள். கதிரை மறுபடியும் பாரமானது. "ஒன்பது மணிக்கு ஐயா நித்திரை," என்றார் குகன்.

மூன்றாவது கலப்பை. பதிந்த கூரை, நெருப்படுப்பு, ஒரு கிழட்டு நாய், டிவி இல்லை. இதுதான் என்று நாலு பேரும் நினைத்தோம். அங்கேயும் படியில் ஏறவில்லை கதிரை. படியில் அதை இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு நின்றபோது, பப்பை நடத்துகிற ஷீலா என்ற பெரிய உடம்புக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கதிரையைப் பார்த்தாள். பிறகு எங்களுக்கு மேலாக, பலகையடியில் நின்ற தவமலரைப் பார்த்தாள்.

"அங்கேதான் அவர் நிற்பார்," என்றாள். "அந்த அம்மா நிற்கிற அதே இடத்தில்."

"எப்ப?" என்றார் குகன்.

"சனிக்கிழமை தவறாமல். மண்ணிறக் கோட்டு. பலகையை மேலிருந்து கீழே வாசிப்பார், பிறகு யன்னலால் பார்ப்பார். நான் கை காட்டுவேன். தலையைக் குனிந்து காட்டிவிட்டுப் போய்விடுவார்."

"உள்ளே வந்து எங்கே இருப்பார்?"

"உள்ளே வந்ததே இல்லையே."

அதற்குள் சதுக்கத்தில் ஆள் சேர்ந்துவிட்டது. வெள்ளைமானிலிருந்து ஒருவர் வந்து, எங்கள் பலகையையும் வாசிப்பார், என்றார். ராசாவின் தலையில் பாத்திரம் கழுவுகிறவர், மழையில் குடையோடு நின்றவரைக் கண்டிருக்கிறேன், என்றார். ரயில்வே பப்பைத் தாண்டி ஆற்றங்கரை வாங்கில் இருந்து எட்டு மணியாகும்வரை தண்ணீரைப் பார்ப்பார் என்று நாயை உலாத்தக் கூட்டிப்போகிற ஒரு பெண் சொன்னாள். எல்லோரும் அவரைக் கண்டிருந்தார்கள். ஒருவரும் அவருக்கு ஒரு கிளாஸ் ஊற்றியதில்லை.

"ஒருநாள் நான் கேட்டேன்," என்றாள் ஷீலா. "உள்ளே வரவில்லையா என்று. சிரித்துக்கொண்டு 'அடுத்த சனிக்கிழமை' என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லுவாராம்."

குகன் இதைத் தமிழில் சொல்லச் சொல்லத் தவமலர் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டா. பிறகு, "கேட்டிருக்கினம். ஆராவது கூப்பிட்டவையோ?" என்றா.

குகன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஷீலாவுக்கு விளங்கவில்லை. "இது பப், கண்ணே. இதற்குள் யாரையும் யாரும் கூப்பிடுவதில்லை. கதவு திறந்திருக்கும், விருப்பமானவர் வருவார்."

எங்களுடைய ஆட்கள் படலையடியில் நின்று செருமுவார்கள். உள்ளே இருந்து "வாங்கோ, வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ" என்று குரல் வரும்வரை ஒரு அடி வைக்க மாட்டார்கள். அழையாத வாசலை மிதிப்பதிலும் பசியோடு திரும்பிப் போவது மேல். அந்த ஊர்க்காரரோ, வருகிறவரை வா என்று சொல்வது அவரை இழுப்பது போலாகும், அவராக வரட்டும் என்று விடுவதுதான் மரியாதை என்று நினைப்பார்கள். இரண்டும் மரியாதைதான். இரண்டு மரியாதைக்கும் நடுவில் நடைபாதையில் அவர் இருபத்திரண்டு வருசம் செருமிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அப்போ இப்போது வரச் சொல்லுங்கள்," என்றாள் ஷீலா. கண் கலங்கியிருந்தது. "வாருங்கள், ஐயா, வாருங்கள்." கதவை அகலத் திறந்து பிடித்தாள். கதிரை அசையவில்லை.

"கேட்டு வாங்கின அழைப்புக்கு அவர் வரமாட்டார்," என்றா தவமலர். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. "ஒரு சொட்டுக் குடிக்கேல்லை அந்த மனுசன். குடிக்காமலே வந்து, குடிச்சவன் மாதிரி அந்தக் கதிரையிலை படுத்திருக்கிறார். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"வெக்கமா இருந்திருக்கும், அம்மா," என்றா யசோ.

"நான் கதவைத் திறந்து ஒருநாள் அவற்றை வாயை மணந்து பாத்திருக்கலாம்," என்றா தவமலர்.

பிறகு அவ முன்னால் நடந்தா. "இனி இடத்தை நான் தெரிவுசெய்யிறன்," என்றா. நாங்கள் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம், எங்களுக்குப் பின்னால் சதுக்கத்தில் நின்றவர்களும் கொஞ்சம் இடம் விட்டு வந்தார்கள், செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ரயில் நின்றுபோன பிறகும் ரயில்வே என்ற பெயர் நிலைத்த பப் அது. சின்ன இடம், ஐந்து மேசை, ஒரு மஞ்சள் விளக்கு. நெருப்படுப்பு இல்லை. தவமலர் பலகையடியில் நின்று, அவர் பார்த்திருக்கக்கூடிய யன்னலால் பார்த்தா. உள்ளே யன்னலோர மேசையில் ஏர்னி என்ற கிழவர் தனியே இருந்தார். அவர் தலையை நிமிர்த்தினார், வெளியே சேலையோடு ஒரு அம்மா நிற்பதைக் கண்டார், ஒன்றும் சொல்லாமல் எதிர் வாங்கில் படுத்திருந்த தன் நாயை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, அந்த இடத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்தார்.

"இது நல்ல இடம்," என்றா தவமலர்.

அவ செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தா. ஆயுளில் முதல்தரம் ஒரு தவறணைக்குள் போனா. நாங்கள் கதிரையோடு வெளியே நின்றோம். உள்ளே அவ மூன்று எட்டு வைத்து, வாசலுக்குத் திரும்பி வந்து, தன் சொந்த வீட்டு வாசலில் நிற்கிறவ போல கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி கூப்பிட்டா.

"இஞ்சாருங்கோ. ஏன் வெளியிலை நிக்கிறியள்? வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ."

கதிரை எங்கள் கையில் இலேசாகியது. நாலு பேர் தூக்கியதை ஒருவர் தூக்கலாம் போல இருந்தது. நிலையில் முட்டாமல் திருப்பி யன்னலோர மேசைக்குக் கொண்டுபோய் வைத்தோம். வைத்தவுடன் மறுபடியும் எழுபத்தொரு கிலோ வந்து அதில் இருந்தது. ஏர்னி தொப்பியைத் தொட்டார்.

"ஐயாவுக்கு என்ன?" என்றார் ஊற்றுகிற கொலின்.

குகன் தவமலரைப் பார்த்தார். "பலகையிலை முதலாவதா என்ன எழுதிக் கிடக்கு?" என்றா அவ. "அவர் எதையும் மேலேயிருந்துதான் வாசிப்பார்." முதலாவதாக எழுதியிருந்தது பக்கத்து ஊரில் காய்ச்சுகிற மண்ணிற பியர். ஏழு சின்னக் கிளாஸ் அதில் வந்தது. எனக்கும் ஒன்று வைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

நாங்கள் குடித்தோம், கசந்தது. ஒருவரும் கதிரைக்கு முன்னால் இருந்த கிளாசைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பது அந்த ஊரின் பழக்கம், எங்களுக்கும் பழகிவிட்டது. ஆனாலும் தெரிந்தது. அது மெதுவாக, வெட்கத்தோடு, ஒவ்வொரு விரலளவாக இறங்கியது. தவமலர் கதிரையின் கையில் தன் கையை வைத்துக்கொண்டு இருந்தா. ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தா. கதவைப் பற்றி, பூட்டைப் பற்றி. மிச்சத்தை நான் கேட்கவில்லை, அது அவர்களுடையது.

அவருடைய கிளாஸ் முடிந்தது. எங்களுடையவையும் முடிந்தன. கதிரை எழும்பவில்லை. நான் காலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன், பாரம் அப்படியே இருந்தது. அவர் காத்திருந்தார். தவமலரின் கிளாஸ் முன்னால் நிறைந்தபடி இருந்தது.

யசோவுக்குத்தான் முதலில் விளங்கியது. முகம் வெளிறிப்போய்த் தாயின் கையைப் பிடித்தா. "அம்மா, அதைக் குடியாதேங்கோ. அப்பா துணைக்குப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

தவமலர் கையை விடுவித்துக்கொண்டு கிளாசை எடுத்தா. வாயருகே கொண்டுபோனா. குடிக்கவில்லை, மணந்தா. இத்தனை சனிக்கிழமையும் பூட்டின கதவுக்குப் பின்னால் இருந்து பயந்த மணத்தை, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய ஒருதரம் இழுத்தா. குகன் எழும்பி நின்றுவிட்டார். வெளியே யன்னலடியில் ஊர் நின்றது.

அவ கிளாசை ஒரு துளியும் சிந்தாமல் மேசையில் வைத்தா. கதிரையின் பக்கம் திரும்பினா. வேலும்மயிலும் செய்ததாக ஊர் சொன்னது போலவே தலையைக் கொஞ்சம் குனிந்து, சிரிக்கப் பார்த்து, சொன்னா:

"அடுத்த சனிக்கிழமை."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதிரை ஒரு சின்ன முனகலோடு நிமிர்ந்தது, மூட்டு நோக்காரர் கையை ஊன்றி எழும்புகிற மாதிரி. ஏர்னியின் நாய் எழுந்து வழி விட்டது. கொலின் கல்லாவடியிலிருந்து வந்து கதவைத் திறந்து பிடித்தார், குளிர் உள்ளே வரும்வரை பிடித்திருந்து, பிறகு சாத்தினார். நான் கதிரையை ஒரு கையால் தூக்கினேன். ஏழு கிலோ.

தவமலர் வீட்டுக்கு வந்து ஒரு பிடி புட்டுத் தின்றா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்துக்கொண்டு மகளோடு ஹரோவுக்குப் போனா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டோரீனுக்குப் போன் எடுத்து, ஊரில் மழையா என்று கேட்பா. இப்போது எல்டன்பரியில் சனிக்கிழமை ஆறு மணிக்கு நாலு பப்பிலும் ஒருவர் வாசலுக்கு வந்து, பலகையடியைப் பார்த்து, டோரீன் சொல்லிக்கொடுத்தபடி "வாங்கோ" என்கிறார். வெள்ளைமானில் டிவியைக்கூட ஒரு நிமிடம் நிறுத்துகிறார்கள். பலகையடியில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் கூப்பிடுகிறார்கள்.

அன்றைக்குப் புறப்படும்போது, கொலின் மேசை துடைக்க வந்தார். நான் அவருக்கு உதவியாகக் கிளாசுகளை ஒன்றாகச் சேர்த்து வைத்தேன். வந்தது ஏழு. குடித்து முடித்தது ஆறு. மிச்சம் ஒன்று, விளிம்பு வரைக்கும்.